காதை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்

'பாவம் சார் அந்த மனுஷன். வாழ்க்கை பூரா ஒரே ஒரு படம்தான் வித்துச்சாம்!'

வின்சென்ட் வான்காவைப் பற்றிய சினிமா எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் ஜனங்கள் முதலில் சொல்வது இதுதான். அடுத்தது காது. அதற்கடுத்தது, 'கொஞ்சம் கழண்டிருந்தாத்தான் சார் அப்படியெல்லாம் வரைய வரும்'. 2017-ல் 'லவ்விங் வின்சென்ட்' வந்த பிறகு நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: 'அது தற்கொலையா, இல்லே யாராவது சுட்டுட்டாங்களா?'

இந்த நாலையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படித்தவர், படிக்காதவர், ஓவியக் கண்காட்சிக்குத் தவறாமல் போகிறவர், வீட்டுச் சுவரில் பேங்க் காலண்டர் தவிர வேறு படமே மாட்டாதவர் எல்லாருமே இந்த விஷயத்தில் ஒரே கட்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். 'பாவம்' என்கிறார்கள். அப்புறம் பைக் பார்க்கிங் டோக்கனைத் தேடுகிறார்கள்.

அழுவதில் என்ன தப்பு என்பீர்கள். அழுங்கள். ஆனால் யாருக்காக அழுகிறீர்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அழுங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் அழுவது வான்காவுக்காக இல்லை. சினிமாக்காரர்கள் அறுபது, எழுபது வருஷமாகத் தைத்து வைத்திருக்கும் ஒரு சட்டைக்காக.

அந்தச் சட்டைக்கு முதல் அளவெடுத்தது அநேகமாக 1956-ல் வந்த 'லஸ்ட் ஃபார் லைஃப்'. இர்விங் ஸ்டோன் 1934-ல் எழுதிய நாவலை வைத்து வின்சென்ட் மின்னெல்லி எடுத்தது. கிர்க் டக்ளஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, நரம்பு புடைக்க நடித்திருப்பார். கோகினாக வந்த ஆன்டனி குவின்னுக்கு ஆஸ்கார் கிடைத்தது. படத்தின் முடிவில் கோதுமை வயல், கறுப்புக் காக்கைக் கூட்டம், கித்தானில் தூரிகை தாறுமாறாகப் பாய்கிறது. பிறகு துப்பாக்கிச் சத்தம். அருமையான காட்சி. ஆனால் வான்கா கடைசியாக வரைந்தது காக்கை பறக்கும் வயல் அல்ல என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் இன்று சொல்கிறார்கள். கடைசிப் படம் மரத்தின் வேர்கள். ஓவேர் கிராமத்தில் ஒரு மேட்டுச் சரிவில் வெளியே தெரியும் நீல வேர்களையும் பச்சை இலைகளையும் வரைந்துகொண்டிருந்தார். அந்த இடத்தையே 2020-ல் ஒரு பழைய தபால் கார்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1890 ஜூலை 27-ம் தேதி, தன்னைச் சுட்டுக்கொண்ட அதே நாளில், உட்கார்ந்து வேரை வரைந்திருக்கிறார். வேரை வைத்து க்ளைமாக்ஸ் எடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? காக்கைதான் வசதி.

சரி, முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். நான் பி.காம். படித்தவன். நிறம், ஒளி, கோடு என்று பேச எனக்கு அருகதை கிடையாது. வரவு செலவு பார்க்கத் தெரியும். அதை வைத்துக்கொண்டே சொல்கிறேன், இந்த 'ஒரே படம்' கதையில் கணக்கு இடிக்கிறது.

விற்ற படம் என்று எல்லாரும் சொல்வது 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்'. 1890-ன் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சி ஒன்றில் ஆனா போக் என்ற பெல்ஜியப் பெண் ஓவியர் 400 பிராங்க் கொடுத்து வாங்கினார். இதற்குப் பல வருஷம் முன்பே, 1882-ல், சித்தப்பா ஒருவர் ஹேக் நகரக் காட்சிகளைக் கோட்டோவியமாக வரையச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார். ஆக, ஒன்று என்பதே தப்பு. போகட்டும். பெரிய தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

தம்பி தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார் என்று எல்லாப் படத்திலும் காட்டுகிறார்கள். நீங்களும் 'தம்பின்னா இப்படி இருக்கணும்' என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். எவ்வளவு அனுப்பினார்? ஆர்ல் நகரில் இருந்தபோது மாதம் 150 பிராங்க். சில மாதங்களில் அதற்கு மேலேயும். அதே ஊரில் வான்காவின் சிநேகிதரான தபால் ஊழியர் ரூலின் (நீலச் சட்டையும் பெரிய தாடியுமாக ஓவியங்களில் பார்த்திருப்பீர்களே, அவரேதான்) மனைவியையும் மூன்று குழந்தைகளையும் வைத்துக் குடும்பம் நடத்தியது மாதம் 135 பிராங்க்கில். வான்கா குடியிருந்த மஞ்சள் வீட்டுக்கு வாடகை மாதம் 15 பிராங்க். நாலு அறை.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். தனி ஆள். மனைவி மக்களோடு இருந்த அரசாங்க ஊழியரைவிட அதிக வருமானம். பிறகு ஏன் காப்பியும் ரொட்டியுமாக நாலு நாள் ஓட்ட வேண்டி வந்தது? வர்ணக்குழாயும் கித்தானும் தின்றன. மாடலாக உட்கார்ந்தவர்களுக்குக் கூலி போனது. மஞ்சள் வீட்டுக்கு மேஜை நாற்காலி கட்டில் வாங்கினார். இதை ஏழ்மை என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை. எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் மூலதனச் செலவு. வருகிற காசையெல்லாம் உற்பத்தியில் போட்ட ஒரு மனிதரின் பட்டினி அது. அவர் எதற்கு முன்னுரிமை கொடுத்தார் என்பது அதில் தெரிகிறது. நாம் அதை 'கஞ்சிக்கு வழியில்லாத கலைஞன்' என்று மாற்றி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. தியோ கொடுத்தது தர்மமும் அல்ல. 1884-லேயே வான்கா தம்பியிடம் ஒரு ஏற்பாடு பேசிவிட்டார்: நீ அனுப்புவது உதவித்தொகை வேண்டாம், நான் வரையும் படங்களுக்கான விலையாக இருக்கட்டும், படங்கள் உன்னுடையவை. தியோ யார்? பாரிசில் பெரிய ஓவிய வியாபாரக் கம்பெனியின் கிளை மேலாளர். மோனே, தெகா, பிஸாரோ படங்களையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தவர். அதாவது அந்த ஊரில் புது ஓவியம் பற்றி நன்றாகத் தெரிந்த வியாபாரிகளில் ஒருவர், இந்த ஒரு ஓவியரின் சரக்கு முழுவதையும், வருஷக்கணக்கில், முன்பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். 'ஒரே படம் விற்றது' என்று சொல்வதைவிட 'ஒரே ஆள் அத்தனையும் வாங்கினார்' என்று சொல்வது உண்மைக்கு நெருக்கம். ஆனால் இரண்டாவதைச் சொன்னால் கண்ணீர் வராதே!

வான்காவும் ஒன்றும் தெரியாத அப்பாவி அல்ல. 16 வயதில் அதே வியாபாரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தார். ஹேக், லண்டன், பாரிஸ் என்று கூப்பில் கம்பெனியின் கடைகளில் வேலை பார்த்துவிட்டு 1876-ல் வேலை போனது. எந்தப் படம் எந்த விலைக்குப் போகும் என்று உள்ளேயிருந்து பார்த்தவர். தெரிந்தேதான் விலைபோகாததை வரைந்தார். எனக்கென்னவோ, படம் விற்காதது அல்ல, இதுதான் அந்த வாழ்க்கையில் மெய்சிலிர்க்கிற இடம் என்று தோன்றுகிறது. ஒரு சினிமாவும் இதில் நிற்கவில்லை. காது இருக்கிறதே, அவசரமாக அங்கே போக வேண்டும்!

போவோம், காதுக்கே போவோம். 1888 டிசம்பர் 23. கோகினோடு சண்டை, சவரக் கத்தி. காது நுனியை அறுத்துக்கொண்டார் என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். சிகிச்சை செய்த டாக்டர் ஃபெலிக்ஸ் ரே கையால் வரைந்த படம் ஒன்று 2016-ல் வெளியானது. ஏறக்குறைய முழுக் காதும் போயிருக்கிறது. 'பாத்தீங்களா, பாத்தீங்களா' என்கிறார் நம் ரசிகர். அவருக்கு இது இன்னும் நல்ல சீன்.

மௌரிஸ் பியாலா 1991-ல் 'வான்கா' என்றொரு படம் எடுத்தார். ஓவேரில் கழிந்த கடைசி நாட்கள் மட்டும். காது விவகாரம் அதற்கு ஒன்றரை வருஷம் முந்தியது, அதனால் படத்தில் அது கிடையாது. ஃபிலிம் சொசைட்டியில் பார்த்துவிட்டு வந்த ஒருவர் என்னிடம், 'என்ன சார், முக்கியமான மேட்டரையே விட்டுட்டான்' என்றார். எட்டு நூற்றுச் சொச்சம் எண்ணெய் ஓவியங்கள். கோட்டோவியங்களையும் சேர்த்தால் 2,000-க்கு மேல். அவர் எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் கடிதங்கள் மட்டும் 800-க்கு மேல். இத்தனையும் வைத்துவிட்டுப் போனவருடைய முக்கியமான மேட்டர், ஒரு காது!

இதுவரை சொன்னதெல்லாம் ரசனைக் குறைபாடு, மன்னித்துவிடலாம். அந்த மூன்றாவது வாக்கியம் இருக்கிறதே, 'கழண்டிருந்தாத்தான் வரைய வரும்', அதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. அது ஆளைக் கொல்லும்.

நடந்தது என்ன? 1889 மே மாதம் வான்கா தானாகவே போய் செயின்ட் ரெமி மனநல விடுதியில் சேர்ந்தார். ஒரு வருஷம் இருந்தார். ஏறக்குறைய 150 ஓவியங்கள் அங்கே வரைந்தவை. எப்போது வரைந்தார்? நோய் விலகியிருந்தபோது. அந்த ஜூலையில் ஒரு பெரிய தாக்குதல் வந்தது. வர்ணத்தை எடுத்து விழுங்கினார். டாக்டர்கள் அறையைப் பூட்டினார்கள். வாரக்கணக்கில் தூரிகையைத் தொட முடியவில்லை. கடிதங்களில் திரும்பத் திரும்ப அவர் கேட்பது ஒன்றே ஒன்று: எப்போது மறுபடி வேலை செய்ய விடுவார்கள்? நோய் அவருக்கு ஓவியத்தைக் கொடுக்கவில்லை. ஓவிய நாட்களை ஒவ்வொன்றாகப் பறித்தது.

'நட்சத்திர இரவு' என்று ஒன்று இருக்கிறதே, காப்பிக் கோப்பையிலிருந்து மொபைல் கவர் வரை ஒட்டிவைத்திருக்கிறோமே, அது 1889 ஜூனில் அங்கே வரைந்தது. அந்தச் சுழிகளைக் காட்டி, 'பாருங்க, மூளை எப்படிச் சுத்தியிருக்கு' என்பார்கள். ஜன்னலில் வானம் தெரிந்தது, வாஸ்தவம். கீழே இருக்கும் கிராமம் அந்த ஜன்னலில் தெரியாது. அதை யோசித்து, வேறு இடத்திலிருந்து எடுத்து, அங்கே கொண்டுவந்து வைத்தார். தன் வேலை அறையில், பகலில், உட்கார்ந்து. நிதானம் தவறியவன் செய்கிற வேலையா அது? அதற்கு முன்னால் எத்தனை வருஷத்துக் கைப்பழக்கம் என்று யாராவது கேட்கிறார்களா? 27 வயதில், மாதிரி ஓவியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்து ஆரம்பித்தவர். 1885-ல் 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' வரைவதற்கு முன்பு, அந்தக் குளிர்காலம் முழுக்க விவசாயிகளின் தலைகளை மட்டும் டஜன் கணக்கில் வரைந்து பழகினார். ஆன்ட்வெர்ப் கலைப்பள்ளியில் கொஞ்ச நாள், பாரிசில் கொர்மோனின் ஸ்டுடியோவில் கொஞ்ச நாள். இந்த உழைப்பைப் படத்தில் காட்டினால் தூக்கம் வருகிறது நமக்கு.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒரு பையன். நன்றாக வரைவான். இருபத்திரண்டு வயதில் மனநோய் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், தேறினான். மாமா முறை ஆகிற ஒருவர், ரசிகர், எல்லா உலக சினிமாவும் பார்த்தவர், அவனிடம் வான்கா கதையைச் சொல்லி, 'மாத்திரை போட்டா இந்தத் தீ அணைஞ்சிடும்டா' என்றிருக்கிறார். பையன் நிறுத்திவிட்டான். அம்மா தலையணை உறையில் மாத்திரைகளைக் கண்டுபிடித்ததால் பிழைத்தான். வரைகிறான் இப்போதும், மாத்திரை போட்டுக்கொண்டு. அந்த மாமா இன்னமும் 'மேதைமையும் பித்தும்' என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கென்ன, போனால் போவது அவர் காதா?

ஆர்ல் ஊர்க்காரர்கள் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். காது சம்பவத்துக்குப் பிறகு, 1889-ன் ஆரம்ப மாதங்களில், அக்கம்பக்கத்தார் சுமார் 30 பேர் சேர்ந்து மேயருக்கு மனுக் கொடுத்தார்கள். இந்த ஆள் இங்கே இருப்பது ஆபத்து, குடும்பத்தோடு அனுப்புங்கள் அல்லது எங்கேயாவது அடைத்து வையுங்கள். போலீஸ் வந்து மஞ்சள் வீட்டைப் பூட்டியது. சினிமாவில் இந்த இடம் வரும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது. 'அட பாவிகளா, யாருன்னு தெரியாம பண்றீங்களே!' யாரென்று தெரிந்திருந்தால் மட்டும்தான் விட வேண்டுமா? கையெழுத்துப் போட்டவர்கள் அரக்கர்கள் இல்லை சாமி. மளிகைக் கடை வைத்திருந்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், பயந்தவர்கள். உங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் மீட்டிங்கில் மூன்றாவது மாடி வாடகைக்காரரைப் பற்றி ஒரு பேப்பர் சுற்றி வருகிறது, 'ராத்திரியில் தனியாகப் பேசுகிறார், குழந்தைகள் பயப்படுகின்றன' என்று. பேனாவைத் திறக்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவீர்களா? அந்த ஊரிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். டாக்டர் ரே இருந்தார். தபால்கார ரூலின் இருந்தார். 135 பிராங்க் சம்பளக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுத் தியோவுக்குத் தகவல் எழுதினார்.

நாலாவது கேள்வியை வேகமாக முடித்துவிடுகிறேன். வான்காவைச் சுட்டது ஊர்ப் பையன்களாக இருக்கலாம் என்று 2011-ல் இரண்டு அமெரிக்கர்கள் ஒரு தலையணை சைஸ் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்கள். ஆம்ஸ்டர்டாம் வான்கா மியூசியம் ஏற்கவில்லை. 'லவ்விங் வின்சென்ட்' இந்தச் சந்தேகத்தை நூலாகப் பிடித்துக்கொண்டு போகிறது. அடுத்த வருஷம் வந்த 'அட் எடர்னிட்டீஸ் கேட்' அதைக் காட்சியாகவே காட்டிவிட்டது. 37 வயதில் செத்தவராக அறுபதைத் தாண்டிய வில்லெம் டாஃபோ நடித்தார், அது வேறு விஷயம், நன்றாகத்தான் நடித்தார். எனக்கு எரிச்சல் எங்கே வருகிறதென்றால், 'லவ்விங் வின்சென்ட்' படத்தின் ஃப்ரேம் ஒவ்வொன்றும் எண்ணெய் வர்ணத்தில் கையால் வரைந்தது. 65,000 ஃப்ரேம். நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள். இத்தனை பேர் இத்தனை நாள் தூரிகை பிடித்து வரைந்ததைப் பார்த்துவிட்டு வந்து, நாம் கேட்பது 'யார் சுட்டா?' துப்பறியும் கதை மாதிரி அமைத்தது படக்காரர்களின் தப்பும்தான். ஓவியத்தின்மேல் அவர்களுக்கே நம்பிக்கை போதவில்லை.

1890-ல் ராபர்ட் ஆல்ட்மன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, 1990-ல் ஒரு நல்ல காரியம் செய்தார். 'வின்சென்ட் அண்ட் தியோ' படத்தை ஏலக்கடையில் ஆரம்பித்தார். 1987-ல் லண்டனில் 'சூரியகாந்திகள்' ஒன்று இரண்டரைக் கோடி பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏலம் போன காட்சி. அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதை அழுக்கு அறைக்குத் தாவும். பணத்தைப் பற்றிப் பேசத் தயாராக இருந்த படம். நம்மவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

அவரும் விட்டுவிட்ட கதைதான் நான் சொல்ல வந்தது.

வான்கா இறந்து ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில், தியோவும் போய்விட்டார். மிச்சம் இருந்தது தியோவின் மனைவி ஜோஹன்னா, வயது 28. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளை, பெரியப்பா பெயரையே வைத்த பிள்ளை. பாரிஸ் வீடு நிறைய, விலைபோகாத ஓவியங்கள். ஜோவுக்கு ஓவியம் தெரியாது. இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பிறந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு ஹாலந்து போனார். புஸ்ஸம் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்தினார். மொழிபெயர்ப்பு செய்தார். விடுதிச் சுவர்களில் வான்கா படங்களை மாட்டினார். ராத்திரியில் கடிதங்களைப் படித்தார்.

அப்புறம் வியாபாரம் செய்தார். எப்படிச் செய்தார் என்பதுதான் அழகு. கண்காட்சிகளில் உயர்ந்த படங்களை 'விற்பனைக்கு அல்ல' என்று போட்டுப் பக்கத்தில் விற்பனைக்கானதை மாட்டினார். யாருக்கு விற்கலாம், எந்த ஊரில் காட்ட வேண்டும், எதைக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்து முப்பது வருஷம். ஓவிய உலகத்து ஆம்பிளைகள் சிரித்தார்கள், பள்ளிக்கூடப் பெண் மாதிரி உருகுகிறாள் என்று. 1905-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் மியூசியத்தை வாடகைக்கு எடுத்து 480-க்கு மேற்பட்ட படைப்புகளை மாட்டினார். சிரித்தவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

'டாக்டர் காஷே' படத்தை 1897-ல் 300 பிராங்க்குக்கு விற்றார் ஜோ. 1990-ல் அது நியூயார்க்கில் எட்டேகால் கோடி டாலருக்குப் போனது. 'ஏமாந்துட்டாளே' என்பார் ஒருவர். அய்யா, அந்த 300 பிராங்க் விற்பனைகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததால்தான் எட்டேகால் கோடி வந்தது. முதல் வருஷ வியாபாரிகள் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

கடிதங்கள் விஷயத்தில்தான் நான் இந்தம்மாவுக்குக் கும்பிடு போடுகிறேன். பெரும்பாலான கடிதங்களில் தேதியே கிடையாது. வருஷக்கணக்காக உட்கார்ந்து வரிசைப்படுத்தினார். ஆனால் உடனே வெளியிடவில்லை. 1914-ல்தான் வெளியிட்டார், வான்கா இறந்து 24 வருஷம் கழித்து. ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு முன்னுரையில் காரணமும் சொன்னார். உயிரைக் கொடுத்து அவர் செய்த வேலைக்கு உரிய மதிப்பு கிடைக்கும் முன்னால், ஆளைப் பற்றிய சுவாரசியத்தைக் கிளப்புவது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம் என்று. காது, சண்டை, விடுதி, துப்பாக்கி எல்லாம் அந்தம்மா கையில்தான் இருந்தது. பரபரப்பாக ஒரு புத்தகம் போட்டிருந்தால் மறுநாளே காசு. பிள்ளையை வைத்துக்கொண்டு விடுதி நடத்திய பெண், அந்தக் காசை 24 வருஷம் வேண்டாம் என்றார்.

1924-ல் லண்டன் தேசிய கேலரிக்காக 'சூரியகாந்திகள்' கேட்டார்கள். முதலில் மறுத்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தினம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த படம். பிறகு வான்காவின் பெயருக்காக என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார், கடிதங்களின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேலை பாதியில் இருக்க.

தியோவும் ஜோவும் எழுதிவந்த வீட்டு வரவு செலவுப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. 2002-ல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் வீட்டுச் செலவு, இன்னொரு பக்கம் எந்தப் படம், யாருக்கு, எவ்வளவு. ஏறத்தாழ 190 ஓவியங்கள் விற்ற கணக்கு. திரைக்கதை எழுத உட்காருகிற யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, விடுதிச் சமையலறையில் பால் கணக்குக்குக் கீழே ஓவியக் கணக்கு எழுதும் ஒரு பெண்ணில் ஆரம்பித்து ஒரு படம் எடுக்கட்டும். வந்தால் எனக்குச் சொல்லுங்கள். உங்கள் டிக்கெட்டும் என் செலவு.